டாக்டர் சுப்பாராவும் சிறுவர் இருதயமும்

உலகிற் பெரியோர் எனப்படுவார் பல திறத்தினர். நாடுகளை வென்று பெயர் நிறுத்தினாரும், நூல்களை இயற்றிப் புகழ் நிறுத்தினாரும், அறச்சாலைகளை நாட்டித் தம் நினைவை நிலைபெறச் செய்தாரும் அவருள் அடங்குவர். இவருள் ஒருவரும் அல்லராய், சிறிதளவு இரத்தத்தில் அடங்கிய ஒரு பொருளை இவ்வளவென்று பிழையற அளந்து காட்டியதனால் மக்களுக்கு உபகாரியாய் நின்ற ஒருவருடைய சரித்திரத்தையே ஈண்டு எழுதப் புகுகின்றோம். அவர் சென்னை வைத்திய கலாசாலையிற் பயின்றவர். யல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் பெயரினர். தமிழ் பயிலும் மாணவராகிய நமக்கு ரசாயன நூலாரிடத்து என்ன உறவு என்று நண்பர் சிலர் வினவக்கூடும். அவ்வினாவுக்கு விடையாக, இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதற்கண் கூறுவோம்.

மதுரையினின்றும் திண்டுக்கல் செல்லும் பெருவழியில், சிறுமலையைக் கண்ணெதிரே கொண்டு அமைந்த வாடிப்பட்டி நமது ஊர். பெரியாற்றுக் கால்வாயின் நீர் பாயும் நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த அவ்வூரில், நம் வீட்டிற்கு அடுத்த தெருவிற் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் உளன். பிறவியிலேயே சிறுநீர் வழியில் ஒரு தடை இருந்தமையால் அவனுடைய சிறுநீரகங்கள் இரண்டும் சிறிது சிறிதாக வன்மை குன்றின. மாதந்தோறும் அவனை அவன் தாயார் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வார். சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் அவர்களுக்குத் துணையாக நாமும் சென்றோம். இரத்தப் பரிசோதனைத் தாளைக் கையிற் பெற்ற அவ்வம்மையார், எழுத்தறியாதவராதலின் அதனை நம்மிடம் நீட்டினார். குற்றம் சிறுநீரகத்தில் இருக்க மருத்துவர் இருதயத்தைப் படம் பிடிக்கச் சொல்லுவது ஏன் என்றும், தாளில் வட்டமிட்ட எண் யாதென்றும் கேட்டார். அவ்வெண் பாஸ்பரஸ் என்னும் பெயருக்கு நேரே இருந்தது. பல நூல் கற்றோம் என்று நினைத்திருந்த நாம் ஒரு விடையும் கூற அறியாது நின்றோம். பின்னர் மருத்துவர் பொறுமையோடு விளக்கினார். அவ்விளக்கத்தின் வேரைத் தேடிச் சென்ற நமக்குச் சுப்பாராவின் வரலாறு எதிர்ப்பட்டது.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ஆம் நாள், அக்காலத்திற் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்ததும் இக்காலத்தில் ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளதுமான பீமவரத்திற் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. மக்கள் எழுவருள் இவர் நான்காமவர். தந்தையார் அரசாங்க உத்தியோகத்தில் இருந்து, உடல்நலம் கெட்டமையால் முன்னமே விலக நேர்ந்தது. ஆதலின் குடும்பம் வறுமையுட்பட்டது.

இளமையிற் சுப்பாராவ் கல்வியில் நாட்டமுடையவராய்க் காணப்படவில்லை. காசிக்குச் சென்று யாத்திரிகருக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்று கருதி வீட்டைவிட்டு ஓடினார் என்றும், பின்னர் மீட்டுக் கொணரப்பட்டார் என்றும் சொல்வர். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தவறினார். மூன்றாம் முறை சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிற் பயின்று தேறினார். பரீட்சையிற் தவறி மனமுடைந்திருப்போர் நம் கலாசாலையிலும் சிலர் உளராதலின், இச்செய்தியை விடாது எழுதினோம்.

பின்னர்ச் சென்னை இராஜதானிக் கலாசாலையில் இண்டர்மீடியட் வகுப்பிற் கற்றார். அக்காலத்தில் அவர் உள்ளம் துறவை நாடிற்று. இராமகிருஷ்ண மடத்தைச் சார்ந்து சந்நியாசம் பெற விரும்பினார். தாயார் அதற்கு இசைந்திலர். துறவின் வழியால் எய்தக் கருதிய தொண்டை மருத்துவத்தின் வழியாலும் எய்தலாம் எனத் தெளிந்து, சென்னை வைத்திய கலாசாலையிற் சேர்ந்தார். பொருளில்லாத அவருக்கு நண்பர்களும், கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பாரும் உதவினர். 1919-ஆம் ஆண்டில் அம்மூர்த்தியின் புதல்வியாராகிய சேஷகிரி அம்மையாரை மணந்தார்.

அந்நாளிற் காந்தியடிகள் அந்நியத் துணியை நீக்குமாறு நாட்டாரை வேண்டினார். சுப்பாராவ் அவ்வேண்டுகோளை ஏற்றுக் கதர் உடுத்தார். இரண சிகிச்சைச் சாலையிலும் கதர் அங்கியே அணிந்து நின்றார். அது ஆங்கிலப் பேராசிரியருக்குச் சினமூட்டிற்று. எழுத்துப் பரீட்சைகளை நன்கு எழுதியிருந்தும், எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாது, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே அவருக்குக் கிடைத்தது. அரசாங்க வைத்திய உத்தியோகம் கிடையாமையால், டாக்டர் ஆசண்ட லக்ஷ்மிபதி நடத்திய ஆயுர்வேத கலாசாலையில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியராய் அமர்ந்தார்.

இதனிடையே அவர் குடும்பத்தைப் பெருந்துயர் ஒன்று தாக்கியது. ஸ்புரூ என்னும் குடல்நோயால், உண்ட உணவு உடலிற் சாராது கழிய, அவருடைய தமையனாரும் தம்பியும் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தனர். மருத்துவம் கற்றிருந்த சுப்பாராவினால் அவர்களைக் காக்க இயலவில்லை. அந்நோயை அறிய வேண்டும் என்னும் வேட்கை அன்று அவர் உள்ளத்தில் மூண்டது. அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரிலுள்ள ஹார்வர்டு சர்வகலாசாலையில் வெப்பநாட்டு நோய்களைக் கற்க எண்ணி, மாமனாரும் காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தரும நிலையத்தாரும் உதவக் கப்பலேறினார். கருவுற்றிருந்த மனைவியாரை விரைவில் திரும்பிவிடுவதாகக் கருதிப் பிரிந்தார். திரும்பவேயில்லை. அவர் சென்றபின் பிறந்த ஆண்மகவு ஓராண்டு நிரம்புமுன் நோயால் இறந்தது. தந்தை மகன் முகத்தைக் கண்டிலர்.

பாஸ்டனிற் சுப்பாராவின் நிலை எளிதாயிருக்கவில்லை. அவர் பெற்ற எல்.எம்.எஸ். பட்டத்தைக் கொண்டு அங்கு மருத்துவராய் அமர்தல் இயலாது. ஆகவே ஆஸ்பத்திரியில் இரவு வேலையாளாய் அமர்ந்து, நோயாளரின் மலசலப் பாத்திரங்களைத் துப்புரவு செய்து கூலி பெற்றார், பகலிற் கற்றார். பின்னர் ஆட்டோ போலின் என்பார் தலைமை வகித்த உயிர் ரசாயனப் பகுதியிற் சேர்ந்து, சைரஸ் பிஸ்க் என்னும் ஆசிரியரின் கீழ் ஆராய்ச்சி தொடங்கினார்.

பிஸ்க் அவருக்கு அளித்த வேலை, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கத்தக்க நல்ல முறையொன்றை அமைத்தலாம். முன்னிருந்த முறைகள் காலத்தை விழுங்குவன, பிழையும் மிகுந்தன. இருவரும் கூடி அமைத்த முறை 1925-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இன்றளவும் பிஸ்க்-சுப்பாராவ் முறை என்றே அதற்குப் பெயர். அதன் இயல்பைச் சுருங்கக் கூறுவோம். முதலில் இரத்தத்தினின்றும் புரதத்தை ஓர் அமிலத்தால் திரளச் செய்து வடிகட்டுவர். தெளிந்த நீரில் மாலிப்டேட் என்னும் உப்பை அமிலத்தோடு சேர்ப்பர். அவ்வுப்புப் பாஸ்பரஸோடு கூடும். பின்பு வேறொரு மருந்தைச் சில துளி விட்டால், அக்கூட்டு நீலநிறம் கொள்ளும். பாஸ்பரஸ் மிகுந்தால் நீலம் மிகும்; குறைந்தால் நீலம் வெளிறும். அளவறிந்த மற்றொரு நீரின் நீலத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்கின் அளவு தெரிந்துவிடும். வேட்டிக்கு நீலம் போடும் நம் தாய்மார் வாளியிலுள்ள நீரின் நிறத்தைக் கண்டே நீலம் கூடிற்றோ குறைந்ததோ என்று சொல்லுவர். அறிவும் அதுவே, அதனைப் பிழையற்ற அளவாக்கியதே சுப்பாராவின் திறம்.

அளவுகோல் கைக்கு வந்தபின், அதுவரை மறைந்திருந்தவை புலப்படலாயின. தசையிலுள்ள பாஸ்பரஸை அளந்துகொண்டே சென்ற இருவரும், 1927-இல் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளைக் கண்டனர். அதே காலத்தில் இங்கிலாந்திலும் எக்கிள்டன் தம்பதியர் அதனை எட்டியிருந்தனர். 1929-இல் ஏ.டி.பி. எனச் சுருக்கி வழங்கும் பொருளையும் பிரித்தெடுத்தனர். ஜெர்மனியிற் கார்ல் லோமான் என்பாரும் அவ்வாண்டிலேயே அதனைக் கண்டார். நாம் விரலை மடக்குதற்கும், இமையை மூடுதற்கும், உறக்கத்திலும் ஓயாது இருதயம் சுருங்கி விரிதற்கும் வேண்டிய ஆற்றலைக் கொடுப்பது இந்த ஏ.டி.பி.யே என்பது பின்னர்த் தெளியப்பட்டது. தசையின் ஆற்றலுக்குப் பாஸ்பரஸ் இன்றியமையாதது என்னும் உண்மை இவ்வாறு உலகிற்கு விளங்கிற்று.

1930-இற் சுப்பாராவ் பி.எச்.டி. பட்டம் பெற்றார். ஆயினும் ஹார்வர்டில் நிலைத்த ஆசிரியப் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. தம் பெயரை முன்னிறுத்தும் இயல்பும் அவரிடத்து இல்லை. 1940-ஆம் ஆண்டில் அக்கலாசாலையை விட்டு நியூயார்க் மாகாணத்துப் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி மருந்துச் சாலைக்குச் சென்று, சிறிது காலத்தில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். அங்கு அவர் மேற்பார்வையில் தோன்றிய மருந்துகளை எண்ணின் வியப்பு மிகும். 1945-இல் அவர் குழுவினர் போலிக் அமிலத்தைச் செயற்கையாய் ஆக்கினர். அவருடைய உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்புரூ நோயில் தோன்றும் இரத்தச் சோகைக்கு அது மருந்தாயிற்று. 1947-இல் ஹெட்ரசான் வந்தது. யானைக்கால் நோய்க் கிருமியை ஒழிக்க நம் நாட்டார்க்குப் பெருந்துணையாயிருப்பது அதுவே. ஆரியோமைசின் என்னும் கிருமிக்கொல்லியை அங்கு டக்கர் என்பார் கண்டெடுத்தார். போலிக் அமிலத்தை மாற்றியமைத்த அமினோப்டெரின் என்னும் மருந்தைப் பாஸ்டனிற் சிட்னி பார்பர் என்னும் மருத்துவர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்தார். அந்நோய் சில திங்களேனும் அடங்கியதை 1948-இல் மருத்துவ உலகம் முதன்முறையாகக் கண்டது.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், ஐம்பத்து மூன்றாம் வயதில், நியூயார்க் நகரிற் சுப்பாராவ் இருதயம் ஓய்ந்து உயிர் நீத்தார். இருதயத்தை இயக்கும் பொருளைக் கண்டவருக்கு இருதயமே காலனாயிற்று. சேஷகிரி அம்மையார் இருபத்தைந்து ஆண்டளவு கடிதங்களிலேயே கணவரைக் கண்டு காத்திருந்தார். 1995-இல் நூற்றாண்டு வந்தபோது இந்திய அரசாங்கம் அவர் உருவம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது.

இனி, அவர் கண்ட அளவினால் வாடிப்பட்டிச் சிறுவனுக்கு வந்த பயனைக் கூறுவோம். பால், பருப்பு, மீன், முட்டை, இறைச்சி முதலிய உணவுகளில் எல்லாம் பாஸ்பரஸ் உண்டு. எலும்பு வளர்தற்கும் உடல் இயங்குதற்கும் வேண்டுமளவு நின்று, மிகுந்தது சிறுநீரகத்தால் வெளியேறும். சிறுநீரகம் தளர்ந்தால் அது வெளியேறாது இரத்தத்தில் தங்கும். தங்கிய பாஸ்பரஸ் சுண்ணாம்புச் சத்தோடு கூடி இரத்தக் குழாய்ச் சுவரிற் படியும். படிவது மாத்திரமன்று, குழாய்ச் சுவரின் மெல்லிய தசையணுக்கள் தம் இயல்பு மாறி எலும்பணுக்களைப் போலாகின்றன. மெத்தென்றிருக்க வேண்டிய குழாய் இறுகிப்போம். இறுகிய குழாயுள் இரத்தத்தைத் தள்ள வேண்டியும், சிறுநீரக நோயோடு வரும் மிகை இரத்த அழுத்தத்தை எதிர்க்க வேண்டியும், இருதயத்தின் இடக்கீழறைச் சுவர் தடிக்கும். ஆகவே, சிறுநீரகம் பழுதுற்ற சிறுவரை இளமையிலேயே மாய்க்கும் காரணங்களில் இருதய நோய் முன்னிற்கின்றது. மருத்துவர் இருதயத்தைப் படம் பிடிக்கச் சொன்ன காரணம் இதுவே.

இது வெறும் ஊகமன்று. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் சிலர், இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்தி செய்துகொண்டு வாழும் இளைஞரை ஆராய்ந்தனர். இருபது முதல் முப்பது வயதுக்குட்பட்ட பதினாறு பேரில் 14 பேருக்கு இருதயத்தின் சொந்த இரத்தக் குழாய்களிலேயே சுண்ணாம்பு படிந்திருந்தது. அத்தகையோர் இரத்தத்திற் பாஸ்பரஸ் மிகுந்திருந்ததையும் அவர்கள் கண்டனர். நோய் இளமையில் ஓசையின்றித் தொடங்கிப் பின்னரே வெளிப்படுகின்றது என்பது இதனாற் புலனாம்.

வெளிப்படுமுன் அதனை அறிவிக்கும் இரத்தக் குறிகளை மருத்துவர் பயோமார்க்கர் என வழங்குவர். அவற்றுட் பாஸ்பரஸ் பழமையானது, எளிதில் அளக்கத்தக்கது. பாஸ்பரஸ் ஏறுமுன்னரே எலும்பிலிருந்து எப்.ஜி.எப்.-23 என்னும் சுரப்பொன்று எழுந்து, பாஸ்பரஸை வெளியேற்றுமாறு சிறுநீரகத்தை ஏவுகின்றது. அதன் மிகுதி இருதயச் சுவர் தடித்தலோடு தொடர்புடையது என்பது இந்நூற்றாண்டின் ஆராய்ச்சியால் வெளியாகியிருக்கின்றது. இவையன்றிச் சிறுநீரில் ஒழுகும் ஆல்புமின், இரத்தக் கொழுப்பு, பாராதைராய்டுச் சுரப்பு ஆகியனவும் நோக்கப்படும். ஆயினும் ஒரு குறியே போதாது. இரத்த அழுத்தத்தையும் இருதயப் படத்தையும் உடன்வைத்தே மருத்துவர் முடிவு கூறுவர்.

சிறுவர்க்கு இவ்வளவுகளை நோக்குவதில் ஒரு நுட்பம் உண்டு. வளரும் எலும்புக்குப் பாஸ்பரஸ் மிகுதியாய் வேண்டுமாதலின், இயல்பாகவே சிறுவர் இரத்தத்தில் அது பெரியோரினும் கூடி நிற்கும். ஒரு டெசிலிட்டர் இரத்தத்திற் பெரியோர்க்கு ஏறக்குறைய 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இயல்பு. ஆறு முதல் பன்னிரண்டு வயதினர்க்கு 3.6 முதல் 5.8 வரை இருக்கலாம். பெரியோர் அளவைச் சிறுவருக்குப் பொருத்தினால், நலமுற்ற குழந்தையை நோயாளியென்று மயங்க நேரும். மேலும், பாஸ்பரஸுக்கு அஞ்சிப் பாலையும் பருப்பையும் முற்றும் விலக்கின் குழந்தை வளராது வாடும். ஆதலின் மருத்துவரும் உணவு வல்லாரும் அளந்தே குறைப்பர். உணவோடு உட்கொள்ளின் குடலிலேயே பாஸ்பரஸைப் பிணித்துக் கழிக்கும் மருந்துகளும் உள்ளன. பயற்றிலும் தானியத்திலும் இயற்கையாயமைந்த பாஸ்பரஸ் முழுதும் உடலிற் சாராது. கெடாதிருக்க உப்புகள் சேர்த்துப் பொட்டலமாய் விற்கப்படும் தின்பண்டங்களிலும், கருநிறக் கோலா பானங்களிலும் உள்ளதோ பெரும்பாலும் சார்ந்துவிடும்.

அன்று ஆஸ்பத்திரியில் அவ்வம்மையார் கண்ணீர் விட்டதன் காரணம் இதுவாகும். நோயுற்ற பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கின்றானே என்று, பஸ் நிலையத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு புட்டிக் கோலாவும் ஒரு பொட்டலமும் வாங்கிக் கொடுத்து வந்தவர் அவரே. அன்பினாற் செய்த செயல் மகனுக்குத் தீங்காயிற்றே என்று நெஞ்சு நொந்தார். அறியாமையாற் செய்ததைக் குற்றமாக எண்ண வேண்டா என்றும், தக்க காலத்தில் அளவு தெரிந்ததே நலம் என்றும் மருத்துவர் அவரைத் தேற்றினார். அது முதல் புட்டி நின்றது. இளநீரேனும் கொடுக்கலாமா என்று அவர் வினவியபோது, அதிலுள்ள பொட்டாசியமும் சிறுநீரக நோயாளர்க்கு ஆகாதென்று மருத்துவர் தடுத்தார். சோற்றோடு மாத்திரை தவறாது கொடுக்கப்பட்டது. சென்ற மார்கழியில் வந்த தாளில் அவ்வெண்ணைச் சுற்றி வட்டமில்லை. இருதயச் சுவரும் தடிக்கவில்லை என்றனர். சிறுநீரக நோய் நீங்கிற்றென்பதன்று. அது நீங்குவதும் அரிது. மாற்றுச் சிறுநீரகம் வேண்டும் நாள் வரக்கூடும். அந்நாள்வரை அவ்விருதயத்தைப் பழுதின்றிக் காப்பதே தாயும் மருத்துவரும் மேற்கொண்ட பணி.

இன்று பரிசோதனைச்சாலைகளில் இயந்திரங்களே இரத்தத்தை அளக்கின்றன. நீலநிறத்தைக் கண்ணால் ஒப்பிடுவார் இலர். எனினும் மாலிப்டேட்டோடு பாஸ்பரஸைக் கூட்டி அளக்கும் அடிப்படை பெரும்பாலும் மாறவில்லை. தம் மகன் முகத்தைக் காணாத ஒருவர், இரவில் ஆஸ்பத்திரிக் கலங்களைக் கழுவிப் பகலில் தேடிய அளவு, நூறாண்டு கழித்து நம் சிற்றூரில் ஒரு தாயின் மகனைக் காக்கத் துணைசெய்கின்றது. விடியலில் வாடிப்பட்டி வயல் வரப்பிலே நின்று சிறுமலையின் நீலத்தைக் காணும்போதெல்லாம் அவரை நாம் நினைக்கின்றோம்.

நண்பர்காள்! இரத்த அழுத்தம் பார்த்தலையும் சிறுநீர்ப் பரிசோதனையையும் முதியோர்க்கே உரியவை என்று நம் ஊரார் கருதுகின்றனர். முகமோ காலோ வீங்கும் குழந்தையையும், சிறுநீர் தடைப்படும் குழந்தையையும், காரணமின்றி வளர்ச்சி குன்றும் குழந்தையையும் காணின், காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டுமாறு பெற்றோருக்கு எடுத்துக்கூறுங்கள். எழுத்தறியாதார் ஒரு தாளை நம்மிடம் நீட்டும்போது அதனைப் படித்துச் சொல்லுதலும் கல்வி கற்றார்க்குரிய கடனாம். இருமுறை பரீட்சையிற் தவறிய மாணவர் ஒருவர் நமக்கு விட்டுச் சென்ற செல்வத்தை, உரியவர் இல்லத்திற் கொண்டு சேர்ப்போமாக.